சிவப்புப் பொட்டு ஒட்டிய மூன்றாம் சிப்

3-10-88, திங்கள்

வெயில். அக்டோபர் மாதிரியே இல்லை. மழை தள்ளிப்போவது நமக்கு நல்லதுதான். சிப் அழிக்கும் விளக்கு பியூஸ் போய் மூன்று வாரம். புது பல்பு எப்போது என்று கேட்டால் டைரக்டர் கையை விரிக்கிறார். ஆகவே வெயிலே கதி. ஆபீஸ் மொட்டை மாடி, எவர்சில்வர் தட்டு, பதினாறு சிப், காக்காய்க்குப் பயந்து மேலே கம்பிவலை. ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் சின்னக் கண்ணாடி ஜன்னல். அதன் வழியே வெயில் ஒரு வாரம் இறங்கினால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்து, மறுபடி எழுதத் தயார்.

மாடிக்கு வந்த கட்டட உரிமையாளர் தட்டை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வத்தலா?"

"டெலிபோன் வத்தல்" என்றேன். சிரிக்காமல் இறங்கிப் போனார்.

அழியக் கூடாத நேரத்தில் அந்த ஜன்னலை மூட வேண்டும். அதற்கென்று விற்கும் தாள் நமக்கு வந்து சேர்வதில்லை. எதிர் மேஜைக் கதிர்வேல் கண்டுபிடித்த வழி ஸ்டிக்கர் பொட்டு. அவன் மனைவி வைக்கும் பெரிய கறுப்புப் பொட்டு, அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துகிறது. இன்று பதினாறு பொட்டையும் நகத்தால் உரித்தேன். விரலெல்லாம் பிசுபிசு.

செய்ய வேண்டியவை: புது மிஷினில் முழு பில்ட். வீட்டில் ஸ்டெல்லாவுக்கு இருமல் மருந்து. குடை ரிப்பேர்.

5-10-88, புதன்

வெயில். தலைவலி.

புரோகிராம் எழுதுவது இங்கே வில்லியனூரில், பெரிய மிஷினில். ஓடுவது கரிக்கலாம்பாக்கத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அலமாரிக்குள் இருக்கும் சின்ன மூளையில். நடுவில் சிப், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் விரித்த என் டிபன் டப்பா, டவுன் பஸ். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. போன மாதம் பழைய மிஷினை லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்திருக்கும் புதியது வேறு ரகம். இனி ப.மி., பு.மி. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.

அதே சோர்ஸ், நாங்கள் எழுதிய அதே வரிகள், அதே டேப். ஒரு எழுத்தை மாற்றவில்லை. பு.மி.-யில் பில்ட் செய்து, அதாவது சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றி, மேஜையிலுள்ள எட்டுப் போனில் ஓட்டிப் பார்த்தால் இரண்டைக் கூப்பிட்டால் எதுவும் அடிக்கவில்லை, மூன்றைக் கூப்பிட்டாலும் அடிக்கவில்லை. ஐந்தை எடுத்தால் ஏழில் மணி. கதிர் கைதட்டிச் சிரித்தான். "பேய் பூந்துகிச்சிண்ணா."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேய் பிடிபட்டது. மிஷின் ஒரு எண்ணை இரண்டு பாதியாக வைக்கிறது. ப.மி. சின்ன பாதியை முன்னால் வைக்கும், பு.மி. பெரிய பாதியை. கரிக்கலாம்பாக்கத்து மூளைக்குச் சின்னது முன்னால் வந்தால்தான் புரியும். எந்த நம்பர் எந்த லைன் என்ற அட்டவணையைச் செய்யும் புரோகிராம், தான் ஓடும் மிஷினின் வழக்கப்படியே எழுதித் தள்ளிவிட்டது. அந்தப் புரோகிராம் என்னுடையது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டைரக்டர்கூட "சகஜம் தாஸ்" என்று தோளில் தட்டினார்.

மருந்து மறந்துவிட்டது.

8-10-88, சனி

புழுக்கம். இரண்டாவது சிக்கலும் தீர்ந்தது. பு.மி. ஒரு எண்ணுக்கு இரு மடங்கு இடம் எடுக்கிறது, அதனால் அட்டவணையில் எல்லாம் ஒரு படி தள்ளிப் போயிருந்தது. கதிர் கண்டுபிடித்தான். கெட்டிக்காரன். லைன்களைப் பிடிப்பது, விடுவது, அந்தப் பகுதி முழுக்க அவன் எழுதியதுதான்.

டீக்கடையில் அவனே ஆரம்பித்தான். இரண்டு வருஷத் தகுதிகாண் காலம் இந்த முப்பத்தொன்றோடு முடிகிறது. நிரந்தரம் ஆகிவிடும் என்று நம்புகிறான். மடுகரையில் அவர்களுக்குக் கரும்பு. அண்ணன்மார் இருவர். வேலை கிடைத்த ஜோரில் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்தபோது, "எனக்கு நிலம் வேணாம், உத்தியோகம் கீது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். அப்பா பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம்.

"ஆர்டர் கைக்கு வந்தா மொதல்ல எங்கப்பா முன்னாடி கொண்டும்போய் வெக்கணும்ணா. அப்பவாச்சும் பேசுறாரான்னு பார்க்கலாம்."

என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். இப்படி இருக்கக் கூடாது மனுஷன்.

12-10-88, புதன்

மேகம். காலை ஏழு பஸ், நின்றுகொண்டே. கரிக்கலாம்பாக்கம்.

பழைய செட் பதினாறு சிப்பைக் கழற்றி, புது பில்ட் பதினாறை ஏற்றினோம். சுவிட்சைப் போட்டதும் அலமாரியில் வரிசையாக விளக்குகள் ஒரு முறை எரிந்து அணைந்தன. லைனுக்கு ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. பேச்சு நடந்தால் எரியும், வைத்துவிட்டால் அணையும். அரிசி மில், சொசைட்டி, சுகாதார நிலையம் எல்லாம் பேசிப் பார்த்தாயிற்று. சரி.

எக்ஸ்சேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேன் முனுசாமி. ஐம்பது வயது. எது நடந்தாலும் நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பவர். இன்று எழுதியது: "புதுசு போட்டாங்கோ. ஓடுது."

மீன் குழம்பு அவர் வீட்டிலிருந்து. காரம்.

14-10-88, வெள்ளி

மறுபடி வெயில். இரண்டு நாளாகப் புகார் இல்லை. கழற்றிக் கொண்டுவந்த பழைய செட்டையும் அழிக்கலாம் என்று மாடிக்கு எடுத்துப் போனேன். அடுத்து எக்ஸ்சேஞ்சை நூற்றிருபத்தெட்டு லைனாகப் பெருக்கும் பில்டுக்குச் சிப் வேண்டும், கையில் வேறு இல்லை.

கதிர் பின்னாலேயே வந்தான். "ஒரு செட்டு வெச்சிக்கலாம்ணா. இல்லாட்டி படிச்சி டேப்புலயாச்சும் போட்டுக்கலாம்."

"சோர்ஸ் இருக்கு இல்லே? சோர்ஸ் இருந்தா சிப் எதுக்கு? டேப்பில் இடமே இல்லை" என்றேன்.

தலையாட்டினான். நான் பொட்டுகளை உரித்தேன். பதினைந்து கறுப்பு, மூன்றாம் நம்பர் சிப்பில் மட்டும் சிவப்பு. வட்டமும் சின்னது. கதிர் அதைப் பார்த்தபடி எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கீழேயிருந்து போன் வந்திருப்பதாக யாரோ கூப்பிட்டார்கள். உரித்துச் சுவரில் ஒட்டிவிட்டு இறங்கினேன்.

ஸ்டெல்லாவுக்கு இருமல் மருந்து வாங்கியாயிற்று. கடைசியில்.

17-10-88, திங்கள்

காலை பத்தே காலுக்குக் கரிக்கலாம்பாக்கம் செத்தது.

முனுசாமி சைக்கிளில் வில்லியனூருக்கே வந்துவிட்டார். போன் செய்ய வழியில்லையே. சட்டையெல்லாம் வேர்வை. "அல்லாம் மாட்டிகினு கீது சார். வெச்சாலும் லைட்டு அணைய மாட்டங்குது. ஒண்ணொண்ணா ஏறி, இப்ப அல்லா லைட்டும் எரிஞ்சிகினே கீது. நர்சம்மா வந்து கத்திட்டுப் போவுது."

போய் சுவிட்சை அணைத்துப் போட்டேன், சரியானது. என்ன காரணம் என்று தெரியவில்லை. முனுசாமி நோட்டில்: "பூடுச்சி. சார் வந்து போட்டாரு. வந்துச்சி."

18-10-88, செவ்வாய்

பழைய செட்டையே திரும்பப் போடலாம் என்றார் டைரக்டர். மாடிக்கு ஓடினேன். நான்கு நாள் வெயில் குடித்த சிப். ஏற்றிப் பார்த்தோம், ஒரு விளக்குகூட எரியவில்லை. பாதி அழிந்தது முழுதும் அழிந்ததற்குச் சமம்.

கதிர் "அன்னைக்கே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

20-10-88, வியாழன்

முதல் மழை. எக்ஸ்சேஞ்ச் இரண்டாவது முறை செத்தது. ஊரில் எங்கள்மேல் இருந்த மரியாதை வடிகிறது. பஸ்ஸில் பின் சீட்டில் ஒருத்தர்: "போனு வந்துச்சின்னு லட்டு குடுத்தானுங்க. இப்ப லட்டும் இல்ல, போனும் இல்ல."

கதிரின் வாதம்: "ஒன்ர வருசம் ஓடுன சோர்ஸுண்ணா இது. பழைய மிஷின்ல பண்ணப்ப ஒரு தபா செத்துதா? கோளாறு புது கம்பைலர்லதான்."

நியாயம்தான். சோர்ஸை எண்களாக மாற்றும் அந்தக் கம்பைலர் பெற்றுப் போட்டதை வரி வரியாகப் பார்ப்பது என் வேலை என்று முடிவு. அறுநூறு பக்கம் அச்சு. பழையதோடு ஒப்பிட வழியில்லை. ப.மி. போயிற்று, அதன் அச்சும் போயிற்று, சிப்பையும் நானே காயப் போட்டுவிட்டேன்.

23-10-88, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. ஸ்டெல்லா மட்டும் போனாள். சாப்பாட்டு மேஜை முழுக்க அச்சுத்தாள். பக்கம் 212 வரை ஒன்றும் இல்லை.

"ஏங்க, ஒரு ஓரமா தட்டு வெக்க எடம் வுடுங்க" என்றாள் ஸ்டெல்லா. விட்டேன். குழம்பு 198ஆம் பக்கத்தில் சிந்தியது.

25-10-88, செவ்வாய்

அடைமழை. 600/600. கம்பைலர் சுத்தம். ஒரு குறையும் இல்லை. மிஷின் மாறியதால் வரக்கூடியது எல்லாம் பார்த்தாயிற்று. அப்படியானால் கோளாறு சோர்ஸில், லைனை விடுவிக்கும் இடத்தில். அது கதிரின் இடம்.

சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. மெல்லக் கேட்டான். "கோச்சிக்காதீங்கண்ணா. பழைய சிப்புல ஊர்ல வெச்சி யாராச்சும் கை வெச்சாங்களா? சோர்ஸுல இல்லாதது எதுனா அதுல இருந்துதா?"

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்குச் சிப் கொண்டுபோவது நான் ஒருவன்தான். "நான் கை வைத்தால் எழுதி வைக்காமல் இருப்பேனா?" என்று கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவன் மன்னிப்புக் கேட்டான்.

நான்காவது முறை செத்ததாகச் செய்தி. டைரக்டர் மாலையில் கூப்பிட்டார். நவம்பர் மத்தியில் மேலிடத்துக் குழு வருகிறது, ஓடவில்லை என்றால் அலமாரியைப் பெயர்த்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். "யாருடைய பகுதின்னு எழுத்துல வேணும், தாஸ். நாளைக்கே."

26-10-88, புதன்

எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம்.

"கம்பைலரில் பிழை இல்லை. மிஷின் மாற்றத்தால் வந்த இரு பிழைகளும் நீக்கப்பட்டன. மீதமுள்ள பிழை லைன் விடுவிக்கும் பகுதியில் உள்ளது. அப்பகுதியை எழுதியவர் திரு. கதிர்வேல்."

ஒரு வார்த்தை பொய் இல்லை.

குடை மறுபடி உடைந்தது.

28-10-88, வெள்ளி

கதிர் பேசுகிறான், வேலை விஷயம் மட்டும். அறிக்கை பற்றி அவனுக்குத் தெரியும். தன் சோர்ஸை முழுக்கக் கையால் காகிதத்தில் எழுதிப் பார்க்கிறான், பள்ளிக்கூடப் பையன் இம்போசிஷன் எழுதுவது போல. கண் சிவந்திருக்கிறது.

31-10-88, திங்கள்

மழை விட்டது. சேறு.

பதினொரு மணிக்கு டைரக்டர் அறைக்குப் போனான். பதினொன்றே காலுக்கு வெளியே வந்தான். நிரந்தரம் இல்லை, இன்றோடு சரி. மேஜையைக் காலி செய்ய ஐந்து நிமிஷம். எடுத்துக்கொண்டவை: ஒரு அளவுகோல், பேனா இரண்டு, டிபன் கேரியர். இழுப்பறையிலிருந்த கறுப்புப் பொட்டு அட்டை நான்கை என் மேஜையில் வைத்தான்.

"வேணும்ணா இது, சிப்புக்கு. வூட்ல கேட்டா வேற வாங்கிக் குடுத்துக்கறேன்."

"மடுகரைக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வேற எங்கண்ணா போறது."

படியில் இறங்கும் சத்தம் கடைசிவரை கேட்டது.

2-11-88, புதன். கல்லறைத் திருநாள்

நேற்று விடுமுறை, தூங்கியே கழிந்தது. இன்று காலை தூறல். கல்லறைக்கு மெழுகுவர்த்தி, செவ்வந்தி, ஒரு வாளி தண்ணீர், தேய்க்கத் தேங்காய் நார். அப்பாவின் சிலுவையில் பாசி. ஸ்டெல்லா தேய்த்தாள், நான் குடை பிடித்தேன். மெழுகுவர்த்தி நிற்கவே மாட்டேன் என்றது.

பங்குச் சாமியார், அப்பா பேருக்குப் பூசை வைக்கத் தேதி கேட்டார். இறந்த நாள் ஜூன் இருபதா, இருபத்தொன்றா என்று எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் வாக்குவாதம். வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து போன வருஷத்து டைரியை எடுத்தேன்.

ஜூன் 20 தான். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: "அப்பா." அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் காலி.

அதற்கு முந்தின பக்கத்தையும் படித்தேன். படித்திருக்க வேண்டாம். இல்லை, பத்து நாள் முன்னால் படித்திருக்க வேண்டும். அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன்.

"19-6-87, வெள்ளி. க.பாக்கம். நல்ல வெயில். முனுசாமியும் நானும் இரண்டு போனில் பேசிச் சோதனை. இருவரும் தற்செயலாக ஒரே நொடியில் வைத்தோம். லைன் இரண்டும் மாட்டிக்கொண்டன, விளக்கு அணையவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், இருபதுக்கு ஒரு முறை மாட்டுகிறது. ஒருவர் வைத்ததைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர் வைத்தது வந்து குறுக்கிடுகிறது. மூன்றாம் சிப்பில் கைவைத்தியம்: மூன்று பைட் மாற்றி, சிப்பின் கடைசிக் காலி இடத்துக்கு ஒரு தாவல், அங்கே பதினோரு பைட். புரோகிராம் ஒரு கண நேரம் காதைப் பொத்திக்கொண்டு இரண்டு லைனையும் விட்டுவிட்டுப் பிறகு காதைத் திறக்கிறது. கூடக் கொண்டுபோன எரிக்கும் பெட்டியில் புதுச் சிப்பில் எழுதிப் போட்டாயிற்று. நூறு தடவை சோதனை, சரி. கையில் கறுப்புப் பொட்டு இல்லை, முனுசாமி மகளிடம் சிவப்பு வாங்கி ஒட்டினேன். நாளை முதல் வேலையாகக் கதிரிடம் சொல்லி சோர்ஸில் ஏற்றச் சொல்லணும். மறக்கக் கூடாது."

'மறக்கக் கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடு.

சாயங்காலம் சாப்பிடவில்லை. ஸ்டெல்லா அப்பா நினைப்பு என்று எண்ணிக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை. அது ஒரு பொய்.

3-11-88, வியாழன்

சோர்ஸில் திருத்த ஏழு நிமிஷம் ஆனது. கடிகாரம் பார்த்தேன். கதிரின் எழுத்து எவ்வளவு சுத்தம், எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. பில்ட். எரித்தது. அவன் விட்டுப்போன கறுப்புப் பொட்டு பதினாறு ஒட்டினேன்.

மதியம் கரிக்கலாம்பாக்கம். ஏற்றி, முனுசாமியோடு ஒரே நொடியில் வைத்து வைத்து நூறு தடவை. ஒரு முறைகூட மாட்டவில்லை.

"போன வருசமும் இப்படித்தான சார் வெச்சி வெச்சிப் பார்த்தோம்" என்றார் முனுசாமி.

"ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"ஏன் இல்லாம? எம் பொண்ணுகிட்ட செவப்புப் பொட்டு கேட்டு வாங்குனீங்களே. அது வேற அழுதுச்சி, புது அட்டைன்னு. நோட்டுல கீது பாருங்க."

இருந்தது. "சார் சிப்பு மாத்துனாரு. பொட்டு வாங்குனாரு."

"பதினைஞ்சு நாளா செத்துச் செத்துப் பிழைக்குது. ஏன் முனுசாமி ஒரு வார்த்தை சொல்லலே?"

"நீங்க கேக்கவேயில்லையே சார்."

ஆமாம். கேட்கவில்லை. கதிர் ஒருவன்தான் கேட்டான், அவன்மேல்தான் கத்தினேன்.

4-11-88, வெள்ளி

டைரியைக் கையில் எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்கு. மழைக்குக் கதவு ஊறி மூடவில்லை, அதனால் குரலைத் தாழ்த்தியே பேச்சு. பக்கத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இப்ப ஓடுதா?"

"ஓடுது சார்."

"நல்லது. தாஸ், ஒண்ணு சொல்லுங்க. பிழை அவன் சோர்ஸில்தானே இருந்தது?"

"இருந்தது சார். ஆனா ஒன்றரை வருஷம் முன்னாடியே அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லியிருந்தா அன்னைக்கே திருத்தியிருப்பான்."

"உங்க அறிக்கையில பொய் இல்லையே. அது மேல போயாச்சு, ஆர்டரும் ஆகியாச்சு. திரும்பக் கேட்டா முதல்ல உங்களைக் கேப்பாங்க, அப்புறம் என்னை. குழு வர்ற நேரம் இது." டைரியை மூடி என் பக்கம் தள்ளினார். "இது உங்க சொந்த டைரி. ஆபீஸ் ரெகார்டு இல்லே. வீட்டுல வைங்க."

என் அட்டவணைப் பிழைக்குத் தோளில் தட்டிய அதே கை.

பக்கத்தைக் கிழித்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். கூடவே எழுத்தில் ஒரு விண்ணப்பம்: என் அறிக்கையைத் திருத்தி அனுப்ப வேண்டும், குற்றம் என்னுடையது. வாங்கி இழுப்பறையில் போட்டார். இழுப்பறைக்குப் பூட்டு உண்டு.

வெளியே வந்தபோது பெருமையாகக்கூட இருந்தது, ஒரு நிமிஷம். வெட்கம்.

6-11-88, ஞாயிறு

பூசை முடிந்து நேரே மடுகரை. இரண்டு பஸ். முழங்கால் வரை சேறு.

வீட்டில் அவன் அப்பா மட்டும். முற்றத்தில் நார் முறுக்கிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆபீஸ்காரரா? அவன் அண்ணங்கூட கரும்பாண்ட போயிருக்கான், தண்ணி வடிய வுட. உக்காருங்க." ஒரு சொம்பில் தண்ணீர். பிறகு நார்மேல் கண்ணை வைத்துக்கொண்டே: "அந்த வேலையில அவன் இன்னா தப்பு பண்ணான்? கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றான். எங்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய்வரைக்கும் வந்தது.

"அவர் ஒரு தப்பும் பண்ணலைங்க" என்றேன்.

"அப்புறம் ஏன் அனுப்புனாங்கோ?"

பஸ் நேரம் ஆயிற்று என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நிழற்குடையில் நின்றேன், கரும்புப் பக்கம் பார்க்காமல். கோழை. எழுதிவைக்கிறேன், இதையும் மறக்கக் கூடாது.

9-11-88, புதன்

சாக்கடையெல்லாம் பட்டாசுக் காகிதம். ஆபீஸில் பாதிப் பேர் இல்லை. விண்ணப்பம் பற்றி டைரக்டர் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் ஆறு நாளாகச் சாகவில்லை. பல்பு வந்துவிட்டது, சிப் அழிக்க இனி வெயில் வேண்டாம். மாடிச் சுவரில் அந்தச் சிவப்புப் பொட்டு மழையில் வெளுத்து ரோஸாகி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிய்க்க மனம் வரவில்லை.

12-11-88, சனி

வானம் வெளுத்திருக்கிறது. கரிக்கலாம்பாக்கம். புது லைன்கள் சோதனை. நூற்றிருபத்தெட்டில் இன்று பதினெட்டு சேர்ந்தன. முனுசாமி பட்டியல் படிக்க, நான் டயல். வரிசையாக: ரைஸ் மில் இரண்டாவது லைன், அபிஷேகப்பாக்கம் பால் சொசைட்டி, மடுகரை உரக்கடை.

"உரக்கடைல இப்ப யாரு குந்திகினு கீறாரு தெரிமா சார்? நம்ம கதிர் சாருதான். மூட்டைக் கணக்கு எழுதறாராம்."

டயலில் வைத்த விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மணி மூன்று முறை.

"உரக்கடை."

"கதிர், நான் தாஸ்."

"அண்ணா! லைன் கண்ணாடி மாதிரி கீது. நம்ம பில்டா? பிடிச்சிட்டீங்களா? இன்னாண்ணா அது?"

உண்மையான ஆசையோடு கேட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை. சொன்னேன். ஜூன் பத்தொன்பது, இரண்டு பேரும் ஒரே நொடியில் வைத்தது, மூன்றாம் சிப், பதினோரு பைட், அப்பா, மறந்தது, அறிக்கை, இழுப்பறை. ஒன்றையும் விடவில்லை. முனுசாமி நோட்டைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பக்கம் யாரோ யூரியா கேட்கும் குரல். லாரி ஒன்று போனது.

"செவப்புப் பொட்டு" என்றான். "அன்னைக்கே பார்த்தேண்ணா மாடில. நம்மளுது கறுப்பாச்சே, இது யாருதுன்னு கேக்க வாயெடுத்தேன். நீங்க உரிச்சிட்டு எறங்கிட்டீங்க."

"கதிர், நான் எழுதிக் கொடுத்திருக்கேன். திரும்பவும் எழுதுவேன்."

"எங்கப்பா கேட்டாராண்ணா உங்கள, இன்னா தப்பு பண்ணான்னு? ஞாயித்துக்கெழம வந்தீங்களாமே."

"கேட்டார்."

"சொல்லியிருக்கலாம்ல."

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. குரல் மாறியது, ஆபீஸில் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசும் குரல். "இங்கருந்து ஒரு தபா பார்த்துடலாம்ணா. நீளமான லைன் இது, இதுலதான் மாட்டும். ஒரே நேரத்துல வெக்கணும். நான் எண்றேன். விளக்கப் பாருங்க."

"கதிர்."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

வைத்தேன். அலமாரியில் இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்தன.

"வுட்டுட்டுது சார்" என்றார் முனுசாமி. நோட்டை எடுத்து, மடுகரைக்கு நேரே எழுதினார்: "சரி."